வாடைக்கு நம்பர் கிடையாது

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுச் சால்வை போடுவதில் ஒரு வசதி உண்டு. அவன் பேசுவதை யாரும் கேட்க வேண்டியதில்லை, கை தட்டினால் போதும். போன மாதம் திருநெல்வேலியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு கூட்டம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்திருக்கிறது. நோயாளி சொல்லும் தொந்தரவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், இன்னின்ன நோயாக இருக்கலாம் என்று திரையில் வரிசையாகக் காட்டுகிறது. இப்போது ரெக்கார்டு பிரிவைப் பார்த்துக்கொள்கிற தம்பி என் பக்கம் குனிந்து, "ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது சார், லெட்ஜரும் மசியும்தானே?" என்றார்.

"இருந்துச்சு. கம்பியில ஓடுச்சு," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "அப்ப எழுதிக் குடுங்க சார், விழா மலர்ல போடுவோம்," என்றார். மலர் வந்தால் நாலு பேர் புரட்டுவார்கள், அதில் மூன்று பேர் அவரவர் போட்டோவைத் தேடுவார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் சங்கரன்கோவிலில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அந்தக் கட்டடம் இப்போது கல்யாண மண்டபம். எங்கள் ஆண்கள் வார்டு இருந்த இடத்தில் பந்தி நடக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது எனக்கு இலை போட்ட இடம், பழைய கணக்குப்படி, வயிற்றுப்போக்குக்காரர்களுக்கு ஒதுக்கிய மூலை. ரசத்தோடு எழுந்துவிட்டேன்.

அங்கேதான் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காட்டில் ஆடு மேய்க்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பி.யு.சி. முடித்து மதுரையில் ஆறு மாதம் ரெக்கார்டு பயிற்சி. உலகம் பூராவும் ஒரு நோய்க்கு ஒரே பெயர், ஒரே எண் இருக்க வேண்டும் என்று போட்ட தடிப் புத்தகம் இரண்டு பாகம் உண்டு, அதை மனப்பாடம் செய்ததுதான் பயிற்சி. மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே, அது வீங்கினால் என்ன எண் என்று எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "என்ன வேலைலே?"

"சீக்குக்குப் பேரெழுதுத வேலைப்பா."

"வைத்தியமா?"

"வைத்தியம் டாக்டர் பாப்பாரு. நான் பேர் மட்டும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆட்டுக்குப் பேர் வச்சு கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். சீக்கு பாக்குமா?"

நான் சேர்ந்தபோது இருந்தவரைப் பெரிய டாக்டர் என்று சொல்லுவோம். கைராசிக்காரர். நோயின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் எழுதியதில்லை. காய்ச்சல். வலி. பிரசவம். ஒருமுறை 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தார். தடிப் புத்தகத்தின் இரண்டு பாகத்தையும் புரட்டினேன். உலகத்தில் எந்த நாட்டிலும் யாருக்கும் பரவாயில்லை வந்ததாகத் தெரியவில்லை. கம்பவுண்டர் ஆறுமுகம் அண்ணாச்சியிடம் போய், "இதுக்கு எந்த எண் போட?" என்றேன். அண்ணாச்சி அந்த ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து இருப்பவர். "ஆளு நடந்து வீட்டுக்குப் போயிட்டானா? போயிட்டாம்லா. அப்பம் நீ ஏன் அழுத?" என்றார்.

இரண்டு வருஷத்தில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். வந்தவர் வேதமாணிக்கம். வெளியூர்களில் பெரிய படிப்பெல்லாம் படித்தவர். ஆள் குள்ளம், கோட்டு நீளம். யாரையும் திட்ட மாட்டார். நாம் எழுதிக் கொடுத்த தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். அதை நாமே தேட வேண்டும். சில நாள் தப்பே இருக்காது, புள்ளி மட்டும் இருக்கும். நாம் தேடுகிறோமா என்று பார்ப்பாராம்.

இன்னொரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது பேர் இல்ல, அபிப்பிராயம்," என்பார். "இந்த ஆளுக்கு ரத்தம் கெட்டுப் போச்சு சார்." "அது அபிப்பிராயம்." "வாயுக் கோளாறு சார்." "அபிப்பிராயம்." ஒருநாள் கேன்டீனில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அவருடைய கனவு இது. டாக்டர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார், எல்லா நேரமும் இருக்க மாட்டார். ஆனால் பழைய நோயாளிகளின் விவரம் இருக்கிறது. அதை ஒரே பெயர், ஒரே எண்ணில் ஒழுங்குபடுத்தி வைத்தால், புதிதாக ஒரு ஆள் வரும்போது 'இதே மாதிரி முன்பு வந்தவர்களுக்கு என்ன நோய்' என்று ஒரு நர்ஸ் கூடக் கண்டுபிடிக்கலாம். வெளிநாட்டில் இதை மிஷினில் செய்கிறார்கள் என்றார். எங்களிடம் இருந்த ஒரே மிஷின் எடை மிஷின், அதுவும் எல்லாரையும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். அதனால் அட்டையில் செய்தோம்.

ஒரு பழைய நோயாளிக்கு ஒரு அட்டை. அட்டையின் நாலு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை, மொத்தம் எண்பது, கடைசி ஒன்று மட்டும் சும்மா. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தொந்தரவு: பதினாலாம் ஓட்டை வாந்தி, பதினைந்து வயிற்றுப்போக்கு, இப்படி. அந்த ஆளுக்கு வாந்தி இருந்திருந்தால், பதினாலாம் ஓட்டையிலிருந்து ஓரம்வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். நடுவில் கடைசியில் முடிவான நோயின் பெயர். நோயாளி பெயர் கிடையாது, ஆஸ்பத்திரி நம்பர் மட்டும்.

இப்போது வாந்தியோடு ஒருத்தர் வருகிறார். அட்டைக் கட்டு முழுவதையும் சேர்த்துப் பிடித்து, பதினாலாம் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுத் தூக்கி உலுக்கினால், வாந்தி எடுத்தவர்களின் அட்டை மட்டும் வெட்டு வழியாகக் கழன்று கீழே விழும். மற்றவை கம்பியில் தொங்கும். விழுந்ததை எடுத்து அடுத்த தொந்தரவுக்குக் கம்பி. அதில் விழுந்ததை எடுத்து அதற்கடுத்தது. கடைசியில் ஐந்தாறு அட்டை மிஞ்சும். அதன் நடுவில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டியது. அவ்வளவுதான்.

அட்டை சிவகாசியில் பட்டாசுப் பெட்டி செய்கிற ஒரு அச்சாபீஸில் வெட்டியது. மிச்சப்பட்ட காலண்டர் அட்டையில் வெட்டிவிட்டார்கள் போல. பின்பக்கம் திருப்பினால் ஒன்றில் மயில் தோகை, ஒன்றில் யாரோ சாமியின் பாதம், ஒன்றில் அபய ஹஸ்தம். கம்பி எங்கள் நர்ஸ் எஸ்தர் சிஸ்டருடையது. அவருடைய தம்பி பட்டாளத்தில் குளிர் பிரதேசத்தில் இருந்தான். அவனுக்காகச் சித்திரை வெயிலில் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய ஒரே பெண்மணி அவர். அந்தப் பின்னல் ஊசிகளில் ஒன்றை டாக்டர் கடன் வாங்கினார். அந்த ஸ்வெட்டருக்கு ஒரு கை கடைசிவரை வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆறுமுகம் அண்ணாச்சி ஒரு கட்டைத் திருப்பிப் பார்த்தார். "மயிலு இருக்கு, சாமி இருக்கு, சீட்டு எடுத்துப் போடுததுக்கு நீ இருக்க. கூண்டும் கிளியும் மட்டும் வாங்கிட்டா கோயில் வாசல்ல உக்காந்து பொழைச்சுக்கிடலாம்லே," என்றார்.

ஒரு வருஷம் முழுக்க இதுதான் வேலை. காலையில் புறநோயாளி வரிசையில் சிஸ்டரும் நானும் உட்கார்ந்து, ஜனங்கள் சொல்லுவதை எழுதி எடுப்போம். சாயங்காலம் டாக்டர் அதற்கு எண் வைப்பார். வயிற்றை வலிக்கிறது என்று எங்கள் ஜனம் சும்மா சொல்லாது. பிசையுது, திருகுது, கடுக்குது, காந்துது, உருளுது, குத்தி வாங்குது. டாக்டருக்கு முதலில் எரிச்சல். பிறகு, திருகுகிறது என்றவர்களுக்கும் காந்துகிறது என்றவர்களுக்கும் நோய் வேறு வேறாக இருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் நான் முதன்முறையாகப் பல்லைப் பார்த்தேன். 'மேலுக்கு முடியல' என்பதற்கு மட்டும் கடைசிவரை எண் கிடைக்கவில்லை. வருகிற எல்லாருக்கும் அதுதான் முதல் வாக்கியம். எல்லா அட்டையிலும் வெட்டினால் எல்லா அட்டையும் விழும்.

எண்பதாவதாக 'வாடை' என்று எழுதிப் போனேன். சர்க்கரை நோய் முற்றினால் மூச்சில் ஒரு வாடை வரும், சீழுக்கு ஒன்று, ஈரல் கெட்டால் ஒன்று என்று சிஸ்டர் சொன்னது. டாக்டர் சிவப்புப் புள்ளி கூட வைக்கவில்லை. நேராகக் கோடு போட்டு அடித்தார்.

"ஒருத்தருக்கு மணம், ஒருத்தருக்கு நாத்தம். அளக்க முடியாது. அது பேர் இல்ல."

"அபிப்பிராயம்," என்று சிஸ்டரே முடித்து வைத்தார்.

நாலு வருஷத்துக் கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து ஓரம் வெட்டினேன். வெட்டுவதற்குப் பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவாரே, அந்தக் கத்தரி. கட்டு முழுதும் முடிந்த அன்று டாக்டர் நோய்ப் பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுத்தி வர பருத்தி போடுற ஊர். எல்லா வீட்லயும் பூச்சிமருந்து டப்பா இருக்கு. நாலு வருஷத்துல ஒரு விஷக் கேஸ் கூட இல்லையே?"

ஆறுமுகம் அண்ணாச்சி மருந்து புட்டியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல ஊரு சார்," என்றார்.

விஷக் கேஸ் வந்தால் போலீசுக்கு எழுதித் தெரிவித்து, ஆளைத் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டும் என்பது டிரஸ்டின் உத்தரவு. அதனால் இங்கே இருக்காது என்று டாக்டரும் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு டிரஸ்ட்காரர்களுக்குச் செய்து காட்டும் நாள் வந்தது. செக்ரட்டரி புளியங்குடியில் எலுமிச்சை மண்டி முதலாளி. தினம் ஆயிரக்கணக்கில் பழத்தைத் தொட்டுப் பார்த்தே தரம் பிரிக்கிற மனிதர், அவரிடம் கம்பியைக் காட்டி நம்ப வைக்க வேண்டும். கூட இன்னும் மூன்று பேர். டாக்டர் ஒரு தப்பு செய்தார். முதலில் செக்ரட்டரியையே உட்கார வைத்தார்.

"ஐயாவுக்கு என்ன தொந்தரவு, சும்மா சொல்லுங்க."

"கிறுகிறுப்பு இருக்கு. படியேறுனா மூச்சு வாங்கும். அசதி. காலு லேசா வீங்குது."

சிஸ்டர் எண் சொல்ல, நான் கம்பி விட்டு உலுக்கினேன். ஏழு அட்டை விழுந்தது. செக்ரட்டரி முதல் அட்டையைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்: "பிரசவத்துக்குப் பிந்திய ரத்தசோகை."

ஆண் பெண் என்று ஒரு ஓட்டை வைக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. கூட வந்தவர்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். செக்ரட்டரி மட்டும் நிதானமாக, "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையான்னும் இதுலயே வருமா டாக்டர்?" என்றார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அந்த நேரம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. குருவிகுளம் பக்கத்து ஊர். ஒரு சின்ன வயசுப் பெண்ணைப் புருஷன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே மாமியார். பேச்சியம்மா என்று பெயர் சொன்னார்கள். வெளிறிப்போய், வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"காலைல இருந்து வாந்தி பேதி, தாயி. நேத்து வச்ச பழைய கொழம்ப ஊத்தித் தின்னுட்டா," என்றாள் மாமியார், யாரும் கேட்கும் முன்பே.

சாதாரண நாளாக இருந்தால் டாக்டர் எழுந்து போய்ப் பார்த்திருப்பார். அன்று எழவில்லை. ரத்தசோகைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, "நான் தொட மாட்டேன். சிஸ்டர் கேட்பாங்க, அட்டை சொல்லும். பாருங்க," என்றார்.

சிஸ்டர் பெஞ்சில் படுக்க வைத்துப் பார்த்துப் பார்த்து எண் சொன்னார். பதினாலு, வாந்தி. உலுக்கினேன். பதினைந்து, போக்கு. முப்பத்தொன்று, வேர்வை. முப்பத்து மூன்று, வாயில் எச்சில் வழிவது. ஐம்பத்திரண்டு, கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருப்பது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் விழுகிற அட்டை குறைந்துகொண்டே வந்தது. சிஸ்டர் குனிந்தவர் நிமிரவில்லை.

"சார், வாடைக்கு எந்த நம்பர்?"

"லிஸ்ட்ல இருக்கிறது மட்டும், சிஸ்டர்."

"ஒரு வாடை வருது சார்."

"லிஸ்ட்ல இருக்கிறது மட்டும்."

மிஞ்சியது ஒன்பது அட்டை. செக்ரட்டரி எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசித்தார். "கேஸ்ட்ரோ என்டரைட்டிஸ். இதுவும் கேஸ்ட்ரோ. இதுவும். அட, ஒம்போதும் ஒண்ணு போல." கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்த குடல் அழற்சிக்கு அதுதான் புத்தகப் பெயர். டாக்டர் முகம் தெளிந்தது. "சலைன் போடுங்க," என்றார்.

அட்டைகளை அடுக்க வாங்கினேன். மேலே இருந்த மூன்றாவது அட்டையின் நம்பர் எனக்கு மனப்பாடம். அது எங்கள் அக்கா.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அக்காவை இதே வாசலில், இதே மாதிரி வேர்த்து ஊற்ற, நானும் அத்தானும் தூக்கிக்கொண்டு வந்தோம். பருத்திக்கு அடிக்கிற மருந்து. போலீசுக்கு எழுதினால் கேஸ் ஆகும், கோர்ட் வரைக்கும் இழுக்கும், அக்கா அந்த வீட்டில் வாழ முடியாது. பெரிய டாக்டர் காலைப் பிடித்தேன். ஒரே பெயர், ஒரே எண் என்று மதுரையில் சத்தியம் பண்ணாத குறையாகப் படித்து வந்தவன், "கேஸ்ட்ரோன்னு எழுதுங்க ஐயா," என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுதினார். வைத்தியம் விஷத்துக்கு, பெயர் வயிற்றுப்போக்குக்கு. அக்கா பிழைத்தாள். பின்னால் அட்டை வெட்டும்போது அந்தக் கேஸ் ஷீட்டில் சிஸ்டர் எழுதியிருந்த எச்சிலையும் கண்மணியையும் ஒழுங்காக வெட்டினேன். நடுவில் கேஸ்ட்ரோ என்று அழகாக எழுதினேன். மற்ற எட்டு அட்டையும் அதே ஜாதிதான் என்று தெரியாதா என்றால், தெரியும் என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கிற அளவுக்குத் தெரியும்.

நிமிர்ந்து ஆறுமுகம் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரைக் காணவில்லை.

"சார், இந்த அட்டை பொய்," என்றேன்.

"எந்த அட்டை?"

"ஒம்போதும்."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குரல் உயர்த்தவில்லை. "எப்படிச் சொல்ற? அபிப்பிராயமா?"

"இல்ல சார். இது எங்க அக்கா."

அதற்குள் அண்ணாச்சி மருந்தறையிலிருந்து தட்டோடு வந்துவிட்டார். தட்டு நிறைய அட்ரோபின், பூச்சிமருந்து விஷத்தை முறிக்கிற ஊசிமருந்து, கழுத்தை உடைத்துத் தயாராக. அட்டைகள் விழ ஆரம்பித்தபோதே போயிருக்கிறார். "மத்த எட்டையும் பொறவு சொல்லுதேன் சார். எட்டுக்கும் இதத்தான் போட்டோம். ஸ்டாக் புக்குல நாள் வாரியா இருக்கு. சிஸ்டர், மொதல்ல அந்தச் சேலைய உரிஞ்சு எறிங்க. சோப்புப் போட்டு மேலெல்லாம் கழுவுங்க."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பெஞ்சு அருகே போய் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஊசியைக் கையில் வாங்கினார்.

"குடிச்சாளா?" என்று சிஸ்டர் மாமியாரைப் பிடித்துக்கொண்டார்.

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடிக்கல தாயி, சத்தியமா குடிக்கல. மருந்து கலக்குன கொடத்த இடுப்புல வச்சுச் சொமந்தா. ஒழுகி ஒழுகிச் சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. சொன்னா குடிச்சான்னுதான சொல்லுவாவ? போலீசு வந்துருமேன்னு..."

சில நிமிஷத்துக்கு ஒரு ஊசி. எச்சில் நிற்கிறதா, வேர்வை காய்கிறதா என்று பார்த்துப் பார்த்து. செக்ரட்டரி போகவில்லை. கழற்றிப் போட்ட செருப்பை மாட்டாமல் வார்டு வாசலிலேயே நின்றார். பொழுது சாய்கிற நேரத்தில் பேச்சியம்மா வாய் காய்ந்து, "தண்ணி," என்றாள். டாக்டர் அப்போதுதான் நாற்காலியைத் தேடினார். செக்ரட்டரி தானே எடுத்துப் போட்டார். "என் ரத்தசோகைய நாளைக்கு வந்து காட்டுதேன், இன்னைக்கு நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் புளியங்குடி பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஒன்பது அட்டை, பக்கத்தில் தடிப் புத்தகத்தின் ஒரு பாகம். திறந்திருந்த பக்கத்தில் விஷம் உடம்பில் போனதற்கு மூன்று தனித்தனி எண்: தெரியாமல் போனது ஒன்று, தெரிந்தே குடித்தது ஒன்று, எது என்று சொல்ல முடியாதது ஒன்று. பேச்சியம்மாவுக்கு முதல் எண்ணைப் போட்டு, தன் கையாலேயே போலீசுக்கு எழுதிவிட்டிருந்தார். ஒரு ஏட்டையா வந்து, சேலையையும் குடத்தையும் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். இவ்வளவுதானா என்று எனக்கே இருந்தது.

"இந்த ஒம்போதையும் திருத்தணும்," என்றார் டாக்டர்.

ஆறுமுகம் அண்ணாச்சி அன்றைக்குத்தான் அவரிடம் எதிர்த்துப் பேசினார். "இதுல மூணு பேருக்குப் பொறவு கல்யாணம் ஆச்சு சார். ரெண்டு பேரு புள்ள பெத்து, நம்ம வார்டுலயே பெத்து, போயிருக்காவ. அந்த ஒத்தப் பேராலதான் அவுக வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியுது. நீங்க திருத்தி எழுதுனா அது எரியுமா?"

"திருத்தலைன்னா நேத்து என்ன ஆயிருக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மேஜையில் வைத்தார். கேஸ் ஷீட்டில் பெயர் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்றார். அட்டையில் வெறும் நம்பர்தான், அட்டை பொய் சொல்லக் கூடாது. அந்த நம்பர்களும் வெளியே தெரியாதபடி புது நம்பர் போடச் சொன்னார். பிறகு லிஸ்டை இழுத்து, எழுபத்தொன்பதுக்குக் கீழே தன் கையால் எண்பது என்று போட்டு, 'வாடை' என்று எழுதினார். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

எட்டுப் பேருக்கு எந்த எண் என்று அண்ணாச்சி மனசிலிருந்தே சொன்னார். யார், எந்த ஊர், வீட்டில் என்ன நடந்தது, எல்லாம். ஒன்பதாவது அட்டையை டாக்டர் என் பக்கம் தள்ளினார்.

"ஒங்க அக்காவுக்கு மூணுல எது?"

"தெரியாது சார்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு ஆகப் போகுது."

அவர் அட்டையை என் பக்கமே விட்டுவைத்தார். வழக்கமான சிவப்புப் புள்ளியாவது வைத்திருக்கலாம்.

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அக்கா கண் விழித்தாள், அத்தான் கூட்டிக்கொண்டு போனார், அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருந்திருக்கும். எனக்கு ஒரு வசதி இருந்தது. அவளுக்குத்தான் ஒரு பெயர் எழுதிவிட்டேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டையையும் கத்தரியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பனவடலிசத்திரம் பஸ் ஏறினேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம். கண்டக்டர் என் பையில் துருத்திக்கொண்டிருந்த கத்தரியைப் பார்த்துவிட்டு, "எந்த டிப்போவே?" என்றார்.

அக்கா வாசலில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அத்தான் காட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். அம்மாவைக் கேட்டாள், சொன்னேன். அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பி மயில் தோகையைப் பார்த்தாள்.

"என்னலே இது?"

"இது நீதான்."

சொன்னேன். வாந்திக்கு எந்த வெட்டு, வேர்வைக்கு எந்த வெட்டு, நடுவில் நான் எழுதிய பொய், பேச்சியம்மா, கம்பி எல்லாம். மூன்று எண் இருக்கிறது என்பதையும் சொன்னேன். "எதுன்னு தெரியலன்னும் ஒண்ணு இருக்கு. நீ சொல்லாண்டாம்னா அதப் போட்டுக்கிடுதேன்," என்றேன்.

அக்கா காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. ஒரு கைப்பிடி கிள்ளி முடித்தாள்.

"ஏன் அதப் போடணும்? எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுதான் குடிச்சேன். எழுது."

எழுதினேன். எழுத்து முன்பு போல அழகாக இல்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?" என்றாள்.

கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. ரொம்ப நேரம் சொன்னாள், ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் இரண்டு பேரும் சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தோம். முடித்துவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வேற என்ன கேக்கணும், கேளு," என்றாள்.

"வாடை இருந்துச்சா?"

"இல்லாமலா. இன்னைக்கும் பருத்திக் காட்டுப் பக்கம் போனா கொடலப் பொரட்டுது."

கத்தரியை எடுத்து எண்பதாம் ஓட்டையில் வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இத வெட்டுனா என்ன ஆகும்?"

"என்ன மாதிரி ஒருத்தன், ஒன்ன மாதிரி ஒருத்தியத் தூக்கிட்டு வந்து பொய் சொன்னாலும், இது கீழ விழும். டாக்டருக்குத் தெரிஞ்சு போகும்."

கையை விட்டாள். நான் வெட்டினேன். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுலே. கம்பியில மாட்டிக்கிட்டு நிக்காம விழணும்லா."